படகுத்துறையைத் தாண்டினால் சுவாமிமலை

ஏலகிரிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் புங்கனூர் ஏரியில் படகு விட்டுவிட்டு, பூங்காவில் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அந்த மலையின் உச்சியான சுவாமிமலையை அண்ணாந்து பார்த்ததோடு சரி. 4,338 அடி என்றதும் மிரள வேண்டாம். பெரும்பகுதி உயரத்தை பஸ்ஸே ஏறிவிடுகிறது.

முதல் வேலை அனுமதி. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் பலர் இறந்த பிறகு காட்டுப்பாதைகளுக்கு விதிகள் இறுகிவிட்டன. 2024இல் அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் நிலவரம் பாருங்கள்; அதோடு உள்ளூர் வனத்துறையிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். தீப்பிடிக்கும் கோடையில் பாதையை மூடிவிடுவார்கள். மழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரிதான் தோது.

அடுத்து, வந்து சேர்வது. சென்னைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பெயரைப் பார்த்து ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் ஜோலார்பேட்டையில் இறங்கும்போது இரவாகிவிடும். தங்கிவிட்டு விடிந்ததும் கிளம்பலாம். பொன்னேரியில் மலைச்சாலை பிரிகிறது. பாரதியார், கம்பர், பாரி, ஓரி என்று பெயர் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகள். தலை சுற்றுபவர்கள் வெறும் வயிற்றோடு ஏற வேண்டாம்; இரண்டு இட்லி போதும்.

அத்தனாவூரில் இறங்கி மங்கலம் கிராமத்துக்குப் போங்கள். பாதை அங்கேதான் தொடங்குகிறது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கடலைமிட்டாய், தொப்பி. தின்பண்டம் பைக்குள்ளேயே இருக்கட்டும், பிளாஸ்டிக் சரசரத்தால் குரங்கு வந்துவிடும். செருப்பு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். ஆம்பூர் தோல் ஷூ உலகமெங்கும் போகிறது, இந்தப் பாறைக்கு மட்டும் ஆகாது. வழவழப்பான அடிப்பாகம் சறுக்கும். பள்ளம் வெட்டிய ரப்பர் அடி உள்ள ஷூவே பிடிக்கும்.

ஏறும்போது மூச்சு வாங்கினால் பேச்சைக் குறையுங்கள், நடையை நிறுத்தாதீர்கள். தேன்கூடு தொங்கும் பாறையருகே கூச்சலும் புகையும் கூடாது. பனி விலகியபின் உச்சியில் நின்றால் கிழக்கே ஜவ்வாது மலைத்தொடர். வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கும் காவலூர் அதில்தான். மேற்கே ஜோலார்பேட்டைச் சமவெளி. பெங்களூருக்கும் சேலத்துக்கும் தண்டவாளம் பிரியும் ஊர்.

இறக்கம்தான் ஆபத்து. சருகுக்கடியில் சரளை உருளும். முழங்காலைச் சற்று மடக்கி, பாதத்தைப் பக்கவாட்டில் ஊன்றி, சின்ன அடியாக வையுங்கள். முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் பத்தடி இடைவெளி இருக்கட்டும். உங்கள் காலில் பட்டு உருளும் கல் அவர் மேல் விழக்கூடாது. நிலாவூர்ப் பக்கம் ஜலகாம்பாறை அருவிக்கு இறங்கும் ஆசையை வேறொரு நாளுக்கு வையுங்கள்.

பசியோடு அடிவாரம் வந்தால், வாணியம்பாடி பஸ் பிடியுங்கள். ஆம்பூர்க்காரர்கள் கோபித்தாலும் சரி, என் ஓட்டு வாணியம்பாடி பிரியாணிக்கே.