இல்லறத்தை இகழாத துறவறம்

ஒரு நெறியைப் போற்றுவதற்கு மற்றொரு நெறியை இகழ்ந்துதான் ஆகவேண்டுமா? கி.பி. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ரோமாபுரிக் கிறிஸ்தவர்களிடையே இக்கேள்வி எழுந்தது.

மணவாழ்வு பாவமன்று, ஆயினும் மணமின்றி இறைவனுக்கென்றே வாழ்வது மேலானது என்பது புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் கருத்து. காலப்போக்கில் கன்னிமை மிக உயர்ந்த நிலையாக மதிக்கப்பட்டது. இந்நிலையில் ஜோவினியன் என்ற துறவி, ஞானஸ்நானம் பெற்ற கன்னியரும் கைம்பெண்களும் மணமான பெண்களும், பிற நற்செயல்களில் வேறுபடாதவரை, சமமான தகுதி உடையவர்களே என்று போதித்தார். போப் சிரீசியுஸ் அவரைக் கண்டித்தார்.

பெத்லகேமில் வாழ்ந்த புனித ஜெரோம், கி.பி. 393-ஆம் ஆண்டளவில் ஜோவினியனை மறுத்து ஒரு நூல் எழுதினார். கன்னிமையை உயர்த்தும் வேகத்தில் மணவாழ்வையும் மனைவியரையும் அவர் கடுமையாகச் சாடினார். ரோமாபுரியில் பலர் மனம் புண்பட்டனர். அவருடைய நண்பரும் இல்லறத்தாருமான பம்மாக்கியுஸே அந்நூலின் பிரதிகளைத் திரும்பப் பெற முயன்றார்.

இத்தனைக்கும் ஜெரோமின் வேத ஆராய்ச்சிக்கு உறுதுணையாக இருந்தவர்கள் பெண்களே. மார்செல்லா என்ற அம்மையார் எபிரேயச் சொற்களின் பொருளைப் பற்றி அவரிடம் நுட்பமான வினாக்களை எழுப்பியவர். பவுலா எபிரேய மொழியைக் கற்று, சங்கீதங்களை அம்மொழியிலேயே பாடியவர். அந்தப் பவுலா ஐந்து மக்களைப் பெற்ற தாய்; பம்மாக்கியுஸ் அவருடைய மருமகன்.

ஜெரோமின் கடுமை விட்டுச்சென்ற குறையை வட ஆப்பிரிக்காவின் புனித அகஸ்டின் உணர்ந்தார். கி.பி. 401-ஆம் ஆண்டளவில் அவர் 'மணவாழ்வின் நன்மை' என்ற நூலை இயற்றினார். மக்கட்பேறு, கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் காக்கும் உண்மை, பிரிக்கவியலாத புனித பந்தம் ஆகிய மூன்றும் மணவாழ்வின் நன்மைகள் என்றார். கன்னிமையே மேலானது என்பதை அவரும் ஏற்றார். ஆனால் இரண்டையும் நன்மைகளாகவே வைத்து ஒப்பிட்டார்.

புலனடக்கம் உள்ளத்தின் பண்பு என்பது அவர் காட்டும் நுட்பம். மணமாகாத யோவானிடம் அது செயலில் வெளிப்பட்டது. மணமான ஆபிரகாமிடம் உள்ளத்தில் உறைந்திருந்தது. ஆகவே இருவரின் தகுதியும் ஒன்றே. இறைவனுக்குக் கீழ்ப்படியும் மனைவி, கீழ்ப்படிதல் குன்றிய கன்னியைவிட உயர்ந்தவள் என்றும் அவர் எழுதினார்.

தான் ஏற்ற நெறி உயர்ந்தது என்று சாதகன் நம்புவதில் தவறில்லை. அந்த நம்பிக்கை பிறரை இகழத் தொடங்கும்போது, துறந்துவிட்டதாக எண்ணிய அகங்காரம் வேறொரு வாயில் வழியாக உள்ளே நுழைந்துவிடுகிறது.