காசில் நிற்கும் கந்தன்: காளையும் மயிலும் சொல்லும் வரலாறு



முருகன் உருவம் போட்ட பழைய காசு உண்டான்னு நம்ம குரூப்ல ஒரு தம்பி கேட்டிருந்தார். உண்டு தம்பி. அதுவும் ராஜா போட்ட காசு இல்ல. ராஜாவே இல்லாத ஒரு நாடு போட்ட காசு.

அந்த மக்களுக்குப் பேரு யௌதேயர். இன்னைக்கு ஹரியானா, பஞ்சாப்னு சொல்ற பகுதியில கூட்டமா ஆட்சி நடத்துன போர்க்குடி. கி.மு. காலத்துல அவங்க அச்சிட்ட காசுல ஒரு பக்கம் காளை, இன்னொரு பக்கம் யானை. கூடவே 'பகுதான்யகம்'னு அவங்க நாட்டுப் பேரு. தானியம் மிகுந்த நாடுன்னு அர்த்தம். உழவும் மாடும் உள்ள ஊர்க்காரங்க காசுல காளையைத்தான் முதல்ல போடுவாங்க போல. சித்திரையில கண்ணபுரம் மாட்டுச்சந்தைக்குப் போற நமக்கு இது புரியாம இருக்குமா? நம்ம காங்கேயம் காளையும் 2000-ல இந்தியத் தபால்தலையில ஏறிருச்சு. கிர், காங்கிரேஜ், ஹள்ளிகார் மாடுகளோட சேர்த்து நாலு தபால்தலை வந்துச்சு.

அந்தக் காளைக் காசை எப்படிச் செஞ்சாங்கன்னு கண்டுபிடிச்சவர் ஒரு தாவரவியல் அறிஞர்! 1936-ல பீர்பால் சாஹ்னி ரோத்தக் பக்கம் கோக்ராகோட் மேட்டுல சுடுமண் அச்சுகளைக் கண்டெடுத்தார். வட்டமான மண் தட்டு, நடுவுல ஓட்டை, சுத்தி காசுக்குழிகள், ஓட்டையிலிருந்து ஒவ்வொரு குழிக்கும் ஒரு வாய்க்கால். தட்டுகளை ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி, மண் பூசி, நடு ஓட்டையில உருக்குன உலோகத்தை ஊத்துனா ஒரே நேரத்துல நிறையக் காசு கிடைக்கும்.

இனி நம்ம ஆளு கதைக்கு வருவோம். கி.பி. 2-ஆம் நூற்றாண்டு வாக்குல யௌதேயர் காசுல காளை இருந்த இடத்துல ஆறுமுகன் வந்து நிக்கிறான். கையில வேல். சுத்தி பிராமி எழுத்து. யௌதேயரின் தலைவனான பிரம்மண்ய தேவனுடைய காசு இதுங்கறதுதான் அதோட கருத்து. பிரம்மண்யன்னா நம்ம சுப்பிரமணியன்தான். கவனிங்க, வழக்கமா ராஜா பேரு இருக்கற இடம் அது. அங்க அவங்க முருகன் பேரைப் போட்டாங்க. எனக்கு இந்தக் காசோட பெருமையே இதுதான். சாமி படத்தை அலங்காரத்துக்குப் போடல, ஆட்சியையே அவன்கிட்ட ஒப்படைச்சுட்டாங்க.

அவங்க சாதாரண ஆளுங்களும் இல்ல. கி.பி. 150 வாக்குல ருத்ரதாமன் வெட்டுன ஜுனாகத் கல்வெட்டுல, யாருக்கும் பணியாத வீரர்னு பேர் எடுத்த யௌதேயரைத் தான் தோற்கடிச்சதா பெருமையடிச்சுக்கறான். எதிரி வாயாலயே பாராட்டு! அப்புறம் அவங்க மறுபடி எழுந்தாங்க. அடுத்து வந்த காசுல 'யௌதேய கணத்துக்கு வெற்றி'ங்கற வாசகம், வேலோட கார்த்திகேயன், பக்கத்துல மயில். குஷாணர் பிடியிலிருந்து விடுபட்டதுக்கு அடிச்ச வெற்றிக்காசுன்னு ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க. இன்னைய பேச்சுல சொன்னா நினைவு நாணயம்.

5-ஆம் நூற்றாண்டுல குப்த அரசன் குமாரகுப்தனும் தங்கக் காசுல ஒரு பக்கம் தான் மயிலுக்குத் தீனி கொடுக்கற மாதிரியும், மறுபக்கம் மயில்மேல முருகனையும் போட்டான். பேரே குமாரன், விடுவானா!

நம்ம பக்கம் எப்படி? கரூர் அமராவதி ஆத்து மணல்ல கிடைச்ச சேரர் செப்புக் காசுகள்ல யானையும் வில் அம்பும் இருக்கு. பாண்டியருக்கு மீன். இன்னைக்கும் அந்தப் பழக்கம் விடல. நம்ம அப்பா அம்மா செலவழிச்ச 25 பைசாவுல அசாம் காண்டாமிருகம் இருந்துச்சு. அந்தக் காசு 2011 ஜூன் 30-ஓட செல்லாமப் போச்சு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஆயிரம் வருஷம் ஆனதுக்கு 2010-ல 1000 ரூபாய், 5 ரூபாய் நாணயங்கள் வந்துச்சு. புலிகள் பாதுகாப்புத் திட்டத்தோட 50-ஆம் ஆண்டுக்கு 2023 ஏப்ரல்ல மைசூரில 50 ரூபாய் நாணயம். 2025 ஜூலை 27 அன்னைக்குக் கங்கைகொண்ட சோழபுரத்துல ராஜேந்திர சோழன் நாணயம்.

இப்ப முக்கியமான விஷயம். 'வைஷ்ணோதேவி படம் போட்ட 5 ரூபாய் இருந்தா லட்சக்கணக்குல பணம்'னு வர்ற ஃபார்வர்டை நம்பாதீங்க. அது 2012-ல நிறையவே அடிச்சுப் புழக்கத்துக்கு விட்ட காசு. வாங்கறேன்னு சொல்றவன் முதல்ல 'பதிவுக் கட்டணம்', 'வரி'ன்னு உங்ககிட்டதான் பணம் கேப்பான். 2021 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கியே இதை எச்சரிச்சிருக்கு. பழைய காசு வாங்கி விக்கற வேலையை அது செய்யறதில்ல, கமிஷனும் கேக்காது. அதே மாதிரி ராமர், அனுமார் உருவத்தோட '1818, ஈஸ்ட் இந்தியா கம்பெனி'ன்னு விக்கற செப்புக் காசுகளும் பின்னாளில் செஞ்ச வில்லைகள்தான். பூஜையில வெக்கலாம், பழங்காசுன்னு நினைச்சுக் காசைக் கொட்ட வேண்டாம்.

நினைவு நாணயம் வேணும்னா மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத்துல இருக்கற அரசு நாணயச்சாலைகளோட இணையதளத்துல முன்பதிவு பண்ணி வாங்கலாம். சேகரிப்பாளர்களுக்கான செட்டுக்கு விலை காசுல போட்ட மதிப்பைவிட அதிகமாத்தான் இருக்கும். சென்னை போனா எழும்பூர் மியூசியத்துல நாணயப் பிரிவைப் பார்க்காம வராதீங்க.

முருகா சரணம்!