பொய்யீ கட்டுதல்

தூண்டிலிற் புழுவைக் கோத்து மீன் பிடித்தல் நம் நாட்டார் யாவரும் அறிந்ததே. குறுந்தொகைப் புலவருள் ஒருவர் தம் இயற்பெயர் மறைந்து, மீனெறி தூண்டிலார் என்றே வழங்கப்பெறுகின்றார். ஆயின் புழுவும் இரையும் இன்றி, இறகும் நூலும் கொண்டு முள்ளின்மேல் ஒரு பூச்சியைச் சமைத்து மீனை ஏய்க்கும் கலை ஒன்று உண்டு. அங்ஙனம் சமைத்த பூச்சியை யாம் 'பொய்யீ' என வழங்குகின்றோம். எம் ஒன்பதாம் வயதில், உதகையிலிருந்து வந்த உறவினர் ஒருவரிடம் இதனைக் கற்றோம். பத்தாண்டுகளாக இதனை விட்டிலோம். டிரௌட்டு மீனே இல்லாத பெரம்பலூரில் இதனால் யாது பயன் என நண்பர் பலர் நகையாடுவர். அவர்க்கு விடையாகவும் இக்கட்டுரை அமைக.

இக்கலை மிகப் பழையது. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஈலியன் என்னும் உரோமானிய ஆசிரியர், மாசிடோனிய நாட்டார் முள்ளின்மேல் செந்நிறக் கம்பளி சுற்றி, மெழுகு நிறச் சேவலிறகு இரண்டு சேர்த்து, ஆற்று மீனைப் பிடித்தமையை விரித்துரைத்தார். இங்கிலாந்தில் 1496இல் அச்சான தூண்டில் நூல் பன்னிரண்டு பொய்யீக்களைக் கூறுகின்றது.

டிரௌட்டு மீன் குளிர்ந்து ஓடும் தெளிநீரிலன்றி வாழாது. ஆதலின் நம் நாட்டில் அதற்கு இடம் மலைகளே. நீலகிரியில் அதனைக் குடியேற்ற 1863 முதலே பிரான்சிஸ் டே என்பார் முயன்றார், கைகூடவில்லை. பின்னர் எச். சி. வில்சன் என்பார் முயற்சியால் வானவில் டிரௌட்டு அங்கு நிலைத்தது. அவலாஞ்சியில் 1907இல் குஞ்சு பொரிப்பகமும் எழுந்தது. இலங்கையின் நுவரெலியாவில் 1882இலேயே பழுப்பு டிரௌட்டு விடப்பட்டது.

இனித் தொழிலுக்கு வருவாம். முள்ளின் அளவு எண்ணால் குறிக்கப்படும். எண் பெருகப் பெருக முள் சிறுக்கும். யாம் பெரிதும் விரும்புவது 20ஆம் எண். அது நெல்மணியினும் குறுகியது. இவ்வளவு சிறியது எற்றுக்கெனின், ஓடைமீன் நாள்தோறும் உண்பவற்றுட் பெரும்பாலன கொசுவை ஒத்த நுண்பூச்சிகளே என்க. அவை நீரின்மேல் மொய்க்குங்கால், பெரிய பூச்சியைக் கண்டும் மீன் வாளா போதலுண்டு. அளவு பொருந்தினாற் போதும், நிறம் சிறிது பிழைப்பினும் கேடில்லை என்பது எம் துணிபு.

முள்ளைச் சிறு பற்றுக்குறட்டில் வளைவுப் பக்கமாக இறுக்குக. தேன்மெழுகு பூசிய மெல்லிய பட்டுநூலைக் கண்ணின் பின்னிருந்து வளைவு வரை நெருக்கிச் சுற்றுக. அங்கே சேவலின் கழுத்திறகு இழை மூன்றோ நான்கோ வைத்துக் கட்டின் அது வாலாம். உடலுக்கு மயிற்பீலி உகந்தது. பீலிக்கண்ணின் இழை ஒன்றை எடுத்து, நகத்தால் அதன் தூவியை உரித்துவிட்டால், ஒருபுறம் வெளிறியும் ஒருபுறம் கருத்தும் உள்ள நரம்பு எஞ்சும். அதனை முள்ளின்மேற் சுற்றுங்கால் வரிவரியாகத் தோன்றிப் பூச்சியின் கணுக்களையே ஒக்கும். எத்தனை முறை செய்யினும் இவ்விடத்தில் எமக்கு வியப்பு நீங்குவதில்லை. நரம்பு எளிதில் முறியுமாதலின் முதலில் நீரில் ஊறவைத்தல் நன்று.

பின்னர்ச் சேவலிறகு ஒன்றைக் கண்ணருகே கட்டி, மூன்று சுற்றுச் சுற்றினால் இழைகள் கால்களைப்போல் விரிந்து நிற்கும். இழையின் நீளம் முள்ளின் வாயகலத்தில் ஒன்றரை மடங்கு இருத்தல் அளவு. சேவலிறகு விறைப்புடையதாகலின் பொய்யீ மிதக்கும். பெட்டைக் கோழியின் இறகு மென்மையால் நீர் பருகி ஆழும். இறுதியில் நூலின் நுனிமேல் அந்நூலையே நான்கைந்து முறை சுற்றி, நுனியை உள்ளே ஈர்த்து இறுக்கி அறுத்துவிடுக. கற்பார் பெரும்பாலும் பிழைப்பது இங்கேதான்: கண்ணருகே இடம் விடாது இறகை நெருக்கிவிட்டு, முடிச்சிட வழியின்றித் திகைப்பர்.

இறகைப் பற்றி ஒன்று சொல்லாமல் அமைய இயலாது. சால்மன் மீனுக்கெனப் பழைய முறையிற் கட்டும் பெரிய பொய்யீக்கள் அரிய பறவைகளின் வண்ண இறகுகளை வேண்டுவன. அவ்வாசையால் 2009இல் இருபது வயது இசை மாணவன் ஒருவன், இங்கிலாந்தில் டிரிங் என்னும் ஊரிலுள்ள அருங்காட்சியகத்திற் புகுந்து 299 பறவைத் தோல்களைக் களவாடினான். பல தோல்களிலிருந்து பெயர்ச்சீட்டு அகற்றப்பட்டமையின், ஆராய்ச்சிக்குரிய அவற்றின் பயன் அழிந்தது. மெழுகுப் பொட்டுப் போன்ற புள்ளி படைத்த கழுத்திறகுக்காக நம் தென்னாட்டுச் சாம்பற் கானக்கோழியும் முன்னாளில் மிக வேட்டையாடப்பட்டது. இன்று அது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் காப்பில் உளது. தானே உதிர்ந்த மயிற்பீலியை நாட்டினுள் வைத்திருக்கத் தடையில்லை. வெளிநாட்டுக்கு அனுப்புதல் குற்றம். எம் சிறு பொய்யீக்கோ வீட்டுச் சேவலும் வயலில் உதிர்ந்த ஒரு பீலியுமே ஓராண்டுக்குப் போதும். மீன் இவ்வெளிமையை இழிவாகக் கொள்வதாகத் தெரியவில்லை.

இனி நண்பர் வினாவுக்கு விடை. அரியலூர் ஏரிகளில் டிரௌட்டு இல்லையெனினும் கெண்டையும் வெளிச்சியும் உண்டு. அவையும் நீர்மேல் வீழும் பூச்சியைப் பாய்ந்து கவ்வுவனவே. காரைவெட்டி ஏரி பறவைகளின் புகலிடமாதலின், அதிலும் 2024இல் ராம்சார் பட்டியலிற் சேர்ந்ததாதலின், அங்கு யாம் தூண்டில் இடுவதில்லை. ஊர்க் குளங்களே எமக்குப் போதும். மழை பெய்து ஓய்ந்த மாலையில் ஈசல் புற்றிலிருந்து எழுந்து நீரில் வீழுமன்றோ? அதற்கென 12ஆம் எண் முள்ளில் பழுப்புக் கம்பளியால் உடல் சமைத்து, வெண்கோழியின் இறகுத் துண்டு இரண்டை முதுகின்மேல் தட்டையாகப் படுக்கவைத்துக் கட்டுகின்றோம். கெண்டை இதனைக் கவ்வும். பொய்யென உணர்ந்தவுடன் உமிழ்ந்தும் விடும். ஆதலின் நீரில் வளையம் விரியக் கண்ட அக்கணமே கோலை உயர்த்துதல் வேண்டும்.