இலண்டனும் வடபழனியும்

நுழையும்முன்

அயலூருக்குச் சென்றால் ஒவ்வொரு கட்டடத்தின் முன்னும் நின்று பார்க்கிறோம். நாள்தோறும் நடக்கும் நம் தெருவில் அவ்வாறு நிற்பதில்லை. ஒரு பெருநகரைக் காணும் முறையைக் கற்றவர் தம் ஊரையும் காணக் கற்றவராவார். அதனை விளக்குகிறது இப்பாடம்.

வடபழனியில் வாழும் ஒரு குடும்பம் கோடை விடுமுறையில் இலண்டன் மாநகருக்குச் செல்வதாகக் கொள்வோம். தாய், தந்தை, பாட்டி, பள்ளியில் பயிலும் இரு பிள்ளைகள் என ஐவர். கையிலிருப்பது ஒரு வாரக் காலமே. அவ்வளவு பெரிய நகரை எங்கிருந்து காணத் தொடங்குவது?

வரைபடமும் கால்நடையும்

முதலில் துணைநிற்பது சுரங்கத் தொடர்வண்டி. உலகின் முதல் சுரங்கப் பயணிகள் தொடர்வண்டி 1863 சனவரி 10 அன்று இலண்டனில்தான், நீராவிப் பொறியால் இயங்கத் தொடங்கியது. வடபழனிக்கு மெட்ரோ வந்தது 2015 சூன் மாதத்தில். இடையில் ஒன்றரை நூற்றாண்டு கடந்திருப்பினும் பிள்ளைகளுக்கு இலண்டன் நிலையம் முற்றிலும் புதிதாகத் தோன்றாது. நேர்க்கோடுகளும் வண்ணங்களும் கொண்ட வழித்தட வரைபடத்தை அவர்கள் தம் ஊரிலேயே கண்டிருப்பர். அம்முறைக்கு வழிகாட்டியவர் ஹாரி பெக் என்னும் வரைவாளர். மின்சுற்று வரைபடம்போல எளிமையாக அமைந்த அவருடைய படம் 1933இல் வெளியிடப்பட்டது.

அவ்வரைபடம் நிலையங்களின் வரிசையைக் காட்டும்; உண்மைத் தொலைவைக் காட்டாது. லெஸ்டர் சதுக்கத்திற்கும் கோவன்ட் கார்டனுக்கும் இடையே ஏறத்தாழக் கால் கிலோமீட்டரே உள்ளது. கீழிறங்கி, வண்டிக்குக் காத்திருந்து, மீண்டும் மேலேறும் நேரத்தில் பாட்டியும் அதை நடந்தே கடந்துவிடலாம். வழியில் கடைகளையும் அரங்குகளையும் காணலாம். ஊரைக் காண வந்தவர்க்கு நடையே சிறந்த ஊர்தி.

கடல் கடந்த கற்கள்

1759இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பிரித்தானிய அருங்காட்சியகத்தின் நிலையான காட்சிக்கூடங்களைக் காண இன்றும் கட்டணமில்லை. அங்கே அமராவதிப் பௌத்தத் தூபியின் சிற்பங்கள் உள்ளன. கிருட்டிணை ஆற்றங்கரையில் அகழ்ந்தெடுக்கப்பட்டுச் சென்னைக்குக் கொண்டுவரப்பட்ட அச்சிற்பங்கள், 1859இல் இங்கிருந்து கப்பலேற்றப்பட்டன. அதே தூபியின் வேறு பல சிற்பங்கள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. வடபழனியிலிருந்து எழும்பூர் சில கிலோமீட்டர் தொலைவே. எழும்பூரைக் காணாதவர் இலண்டனில் வியப்பர். கண்டவரோ, பிரிந்து கிடக்கும் ஒரு பெரும்படைப்பின் மறுபாதியை அடையாளம் காண்பர்.

நீல வட்டங்கள்

இலண்டன் தெருக்களில் நடப்போர் சில வீடுகளின் சுவரில் நீலநிற வட்டப் பலகைகளைக் காணலாம். அவ்வீட்டில் வாழ்ந்த சான்றோரின் பெயர், ஆண்டு, பணி ஆகியவை இரண்டொரு வரிகளில் எழுதப்பட்டிருக்கும். 1866இல் தொடங்கப்பட்ட திட்டம் இது. காந்தியடிகள் சட்டம் பயின்ற காலத்தில் வாழ்ந்த வீட்டிலும் அத்தகைய பலகை உண்டு. புரூக் தெருவில் அடுத்தடுத்த இரு வீடுகளில் இரு பலகைகள் உள்ளன. ஒன்று பதினெட்டாம் நூற்றாண்டின் இசைமேதை ஹேண்டலுக்கு உரியது. மற்றொன்று இருபதாம் நூற்றாண்டின் கித்தார் கலைஞர் ஜிமி ஹென்றிக்சுக்கு உரியது.

இப்பலகை பெறுவதற்கு இரு விதிகள் கருதத்தக்கவை. உரியவர் மறைந்து இருபது ஆண்டுகளேனும் ஆகியிருத்தல் வேண்டும். அவரோடு தொடர்புடைய கட்டடம் இன்றும் நிலைத்திருத்தல் வேண்டும். கட்டடம் இடிந்துவிட்டால் பலகைக்கு இடமில்லை.

ஊர் திரும்பியபின்

விடுமுறை முடிந்து அக்குடும்பம் வடபழனியை அடைகிறது. ஆற்காடு சாலையில் ஏவி.எம். வாயிலில் உள்ள உலக உருண்டை இப்போது வேறு விதமாகக் கண்ணில் படுகிறது. காரைக்குடியில் இயங்கிய தம் படப்பிடிப்பு நிலையத்தை ஏ.வி. மெய்யப்பனார் 1948இல் இங்கு மாற்றினார். அவ்வளாகத்தில் பழைய கருவிகளையும் ஊர்திகளையும் கொண்ட அருங்காட்சியகம் 2023இல் திறக்கப்பட்டது. அருகிலிருந்த விஜயா–வாகினி படப்பிடிப்பு நிலையமோ மறைந்துவிட்டது; அந்நிலத்தில் இன்று மருத்துவமனையும் வணிக வளாகமும் நிற்கின்றன. அங்கே கடைகளுக்கு வரும் பிள்ளைகளுள் எத்தனை பேர், தம் பாட்டி இளமையில் கண்டு களித்த ‘மிஸ்ஸியம்மா’ உருவான இடம் இது என்பதை அறிவர்?

நிகழ்ந்த இடத்தில் பெயர் பொறிப்பது தமிழர்க்குப் புதிதன்று. வீழ்ந்த வீரனுக்கு நடுகல் எடுக்கும் முறையைக் காட்சி முதல் வாழ்த்து வரை வரிசைப்படுத்துகிறது தொல்காப்பியம். அம்மரபில் வந்தவர்கள், கலைஞரும் தொழிலாளரும் உழைத்த இடங்களைப் பெயரற்று விட்டுவிடலாகாது. கட்டடம் மறையலாம், அறிந்தவர் சொல்லாவிடில் அதன் நினைவும் மறையும். பாட்டியிடம் கேட்டு எழுதிவைக்கும் ஒரு பக்கக் குறிப்பும் ஒரு நடுகல்லே. அதை எழுதக் கடல் கடக்க வேண்டியதில்லை. தெருமுனை வரை சென்றால் போதும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் தெருவில் முன்பு இருந்து இப்போது மறைந்துபோன ஓர் இடத்தைப் பற்றி முதியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. உங்கள் ஊரில் பெயர்ப்பலகை வைக்கத் தகுந்த ஓர் இடத்தைத் தேர்ந்து, அதற்குரிய வாசகத்தை இருபது சொற்களுக்கு மிகாமல் உருவாக்குக.