எட்டிப் பிடிக்கட்டும், அவசரப்படாதீர்கள்

பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். “பாரேன், என்னை விடமாட்டேங்குறான்” என்று அத்தை பூரித்துப்போவார். உண்மையில் அது பிறவியிலேயே வரும் அனிச்சைப் பிடி. குழந்தைக்குப் பிடிக்கத்தான் தெரியும், விடத் தெரியாது. நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் இந்தப் பிடி மெல்ல மறையும். பார்த்து, ஆசைப்பட்டு, கை நீட்டிப் பிடிக்கும் பிடி அதன் இடத்துக்கு வரும். அந்த மாற்றத்துக்கு வீட்டில் உள்ளவர்கள் நிறையவே கைகொடுக்கலாம். அதில் கடினமான வேலை, பொம்மையைக் கையில் திணிக்காமல் பொறுத்திருப்பதுதான்.

முதல் வேலை, கையைத் திறந்துவிடுவது. முகத்தைப் பிறாண்டிக்கொள்ளும் என்று பல வீடுகளில் நாள் முழுக்கக் கையுறை மாட்டிவைக்கிறார்கள். மூடிய கைக்கு எதுவும் தட்டுப்படாது. குழந்தை தூங்கும்போது நகத்தை வெட்டிவிட்டுக் கையுறையைக் கழற்றுங்கள். மணிக்கட்டில் கட்டும் வசம்பு வளையலும் கருகமணியும்கூட வேண்டாம். இரண்டு, மூன்று மாதத்தில் கை முழுக்க வாய்க்குப் போகும். கயிறு அறுந்தால் மணி தொண்டைக்குள் போய்விடும். பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லிக் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது இடமும் நேரமும். தூளியில் கிடக்கும் குழந்தைக்கு இரண்டு பக்கமும் சேலைதான் சுவர். கை நீட்ட இடமும் இல்லை, பார்க்கப் பொருளும் இல்லை. விழித்திருக்கும்போது பாயில் போர்வையை விரித்துக் கிடத்துங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதும் கண் சொக்கும், அப்போது விளையாட்டு வேண்டாம். பால் குடித்துச் சற்று நேரம் ஆகி, முகம் பார்த்துச் சிரிக்கும் பொழுதுதான் சரியான பொழுது.

முதல் இரண்டு மாதம் கண்ணுக்குத்தான் வேலை. 20 முதல் 30 செ.மீ. தூரத்தில், அதாவது மடியில் கிடக்கும் குழந்தைக்கு அம்மா முகம் தெரியும் தூரத்தில், சிவப்பாகவோ கறுப்பு வெள்ளையாகவோ ஒரு பொருளை மெதுவாக நகர்த்திக் காட்டுங்கள். கண் அதன் பின்னே போனால் போதும்.

மூன்றாம் மாதம் வாக்கில் கை வீசத் தொடங்கும். குறி பெரும்பாலும் தவறும். பொம்மையை முகத்துக்கு நேரே பிடிக்காமல் நெஞ்சுக்கு மேலே, கை நீட்டினால் தொடும் உயரத்தில் பிடியுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குப் பின்னே சுருட்டிய துண்டை அணைகொடுத்தால், இரண்டு கையும் தாமாகவே நெஞ்சுக்கு முன்னே வந்து சேரும். பக்கத்திலேயே இருங்கள், தூங்கிவிட்டால் துண்டை எடுத்துவிட்டு மல்லாக்கப் படுக்கவையுங்கள்.

ஓசை தரும் பொருள் இந்த வயதுக்கு நல்லது. 1993இல் ஆய்வாளர் ரேச்சல் கிளிஃப்டனும் அவருடைய குழுவினரும் இருட்டறையில் ஓசை எழுப்பும் பொருள்களைக் குழந்தைகள்முன் வைத்துப் பார்த்தார்கள். வெளிச்சத்தில் கை நீட்டத் தொடங்கும் அதே வயதை ஒட்டி, குழந்தைகள் இருட்டிலும் கை நீட்டின. தன் கை எங்கே இருக்கிறது என்பதைக் குழந்தை கண்ணால் பார்த்துத்தான் அறிய வேண்டும் என்பதில்லை, உடம்பே உணர்கிறது. வெறுமனே கையை ஆட்டிக்கொண்டு கிடக்கும் நேரமும் அதற்குப் பயிற்சிதான்.

இனி முக்கியமான கட்டம். கிலுகிலுப்பையை ஒருமுறை குலுக்கிவிட்டு அசையாமல் பிடியுங்கள். மனத்துக்குள் பத்து வரை மெதுவாக எண்ணுங்கள். அந்தப் பத்துக்குள் என்னென்னவோ நடக்கும்: கால் உதைக்கும், மூச்சு வேகமாகும், வாய் திறக்கும், பார்வை கைக்கும் பொம்மைக்குமாகப் போய்வரும். குழந்தை கை நீட்டத் தயாராகிறது. இந்த நேரத்தில் நாம் மறுபடி குலுக்கினாலோ, “இந்தா, இந்தா” என்று கையில் வைத்துவிட்டாலோ அந்த முயற்சி அங்கேயே நின்றுவிடும். பத்து எண்ணியும் கை வரவில்லையா? இரண்டு விரற்கடை கிட்டே கொண்டுவாருங்கள். கைவிரல்கள் மடங்கியே இருந்தால், சுண்டுவிரல் பக்கமாகப் புறங்கையைப் பொம்மையால் மெல்லத் தடவுங்கள், விரல்கள் விரியும். சிணுங்கத் தொடங்கினால் கொடுத்துவிடுங்கள். இது பரீட்சை இல்லை.

தானாகக் கிடைத்த சின்ன வெற்றிக்கு எவ்வளவு வலு என்பதை ஆய்வாளர் ஏமி நீதம் 2002இல் காட்டினார். மூன்று மாதக் குழந்தைகளுக்கு வெல்க்ரோ ஒட்டிய கையுறை மாட்டி, தொட்டாலே பொம்மை ஒட்டிக்கொண்டு வரும்படி செய்தார். சில நாள் அப்படி விளையாடிய குழந்தைகள், கையுறை இல்லாதபோதும் பொருள்கள்மேல் கூடுதல் நாட்டம் காட்டின. அந்தக் கையுறையை நீங்கள் தேட வேண்டாம். விரலில் சுலபமாக மாட்டும் வளையம் ஒன்று போதும்.

உடம்புக்குத் தாங்கல் இருந்தால்தான் கை விடுபடும். நான்கு, ஐந்து மாதக் குழந்தையை உங்கள் வயிற்றில் முதுகு சாயும்படி மடியில் உட்கார்த்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பொம்மையை எதிரே வையுங்கள். குப்புறப் படுப்பதும் தோளுக்கு வலு தரும். நகரத் தொடங்காத குழந்தைகள் விழித்திருக்கும்போது நாளொன்றுக்குக் குறைந்தது 30 நிமிடமாவது, பல தடவையாகப் பிரித்து, குப்புறக் கிடக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்.

பொம்மை விலை கூடியதாக இருக்க வேண்டியதில்லை. முடிச்சுப் போட்ட பருத்தித் துண்டு, குட்டையான எவர்சில்வர் கரண்டி, இலேசான வளையம் எல்லாமே சரி. கடையில் வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் பொம்மைகளுக்கு அது கட்டாயம். வாய்க்குள் முழுதாக அடங்கும் எதுவும் ஆகாது. ஆசையாக வாங்கிவந்த மரச் சொப்பில் குட்டிச் சாமான்களைத் தனியே எடுத்துவைத்துவிடுங்கள். பட்டன் பேட்டரி போட்ட பொம்மையைக் கிட்டவே விடாதீர்கள். பனையோலைக் கிலுகிலுப்பை அழகானது, ஓசையும் இனிது. ஆனால் ஓலை காய்ந்து பிய்ந்தால் ஓரம் கீறும், உள்ளே இருக்கும் கல் வெளியே வரும். அதை நீங்கள் பிடித்துக் குலுக்குங்கள். எந்தப் பொம்மையிலும் ஒரு சாணுக்கு மேல் கயிறு வேண்டாம்.

ஆறாம் மாதம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றும். ஒரு கையில் பொருள் இருக்கும்போதே இன்னொன்றை நீட்டி, என்ன செய்கிறது என்று பாருங்கள், இருப்பதைப் பிடுங்காதீர்கள். எட்டு, ஒன்பது மாதத்தில் விரல்களால் கிள்ளி எடுக்க வரும். அதற்குக் குழைந்த சாதப் பருக்கையும் இட்லித் துணுக்கும் போதும், கடலை கூடாது.

நான்கு மாதத்திலும் கைவிரல்கள் எப்போதும் மடங்கியே இருந்தாலோ, ஆறு மாதம் ஆகியும் கை நீட்டவில்லை என்றாலோ, எப்போதும் ஒரே கையைத்தான் நீட்டுகிறது என்றாலோ, நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். “இவங்க அப்பாவும் இப்படித்தான் இருந்தான்” என்ற ஆறுதலை நம்பிக் காத்திருக்காதீர்கள். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தை என்றால் வயதில் அந்த இரண்டு மாதத்தைக் கழித்துத்தான் கணக்கிட வேண்டும்.

ஒன்பது, பத்து மாதத்தில் இன்னொன்று தொடங்கும். எடுத்ததையெல்லாம் கீழே போடும். குறும்பு என்று கண்டிக்காதீர்கள்; நினைத்தபோது விரலை விரித்து விடுவதை அப்போதுதான் பழகுகிறது. உள்ளங்கையை விரித்து “தா” என்று கேளுங்கள். வாய் அகன்ற ஒரு எவர்சில்வர் பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்தால், விழும் ஓசைக்காகவே திரும்பத் திரும்ப எடுத்துப் போடும்.