திராட்சை வித்த செக்கை உரக்கடைக்கு மாற்றிக் கொடுப்பது எப்படி?

கம்பம், சுருளிப்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சை வெட்டு முடிந்ததும் வியாபாரி செக் கொடுத்துவிட்டுப் போவார். அதே வாரம் உரக்கடைப் பாக்கியும் கழுத்தைப் பிடிக்கும். "இந்தச் செக்கையே வச்சுக்கங்கண்ணே" என்று பின்பக்கம் கையெழுத்துப் போட்டு நீட்டத் தோன்றும். போடியில் ஏலக்காய் போட்டவருக்கும் இதே யோசனைதான். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. ஆனால் எல்லாச் செக்குக்கும் இது பொருந்தாது.

முதலில் செக்கின் இடது மேல்மூலையைப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவே 'அக்கவுண்ட் பேயி' என்று எழுதியிருந்தால், உங்கள் கணக்கில் மட்டுமே அதைப் போட முடியும். அடுத்தவர் கணக்கில் வரவு வைக்கக் கூடாது என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. ஒரு விலக்கு உண்டு: கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்கு வைத்திருப்பவருக்கு வந்த செக் 50,000 ரூபாய்க்கு மேல் போகாவிட்டால், சங்கத்தின் கணக்கு வழியாக வசூலித்துத் தர வங்கி சம்மதிக்கலாம். வியாபாரியிடம் அந்த வார்த்தையை அடித்துத் தரச் சொல்லாதீர்கள். தேதி தவிர வேறு எதைத் திருத்தியிருந்தாலும் கிளியரிங்கில் திரும்பிவிடும். எடை போடும் அன்றே, "உரக்கடை பேருக்கு ஒண்ணு, எம்பேருக்கு ஒண்ணு" என்று இரண்டு செக்காகக் கேட்டு வாங்குவதுதான் என் கணக்கில் ஆகச் சிறந்த வழி.

அந்த வார்த்தை இல்லையா? அடுத்து உங்கள் பெயருக்குப் பின்னால் வரும் 'பேரர்' என்ற சொல்லைப் பாருங்கள். அது அடிக்கப்படாமல் இருந்தால், செக்கைக் கையில் கொடுத்தாலே மாறிவிடும். தொலைந்தால் எடுத்தவர் கைக்குப் போகும் ஆபத்தும் அதில்தான். 'பேரர்' அடிக்கப்பட்டிருந்தால் அது ஆர்டர் செக். அதற்குத்தான் எண்டார்ஸ்மென்ட், அதாவது பின்பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு மாற்றிக் கொடுப்பது, வேண்டும்.

எழுதுவதற்கு முன், வாங்கப்போகிறவர் தன் வங்கிக் கிளையில் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டும். மூன்றாம் நபர் செக் என்றாலே வாங்கத் தயங்கும் கிளைகள் இருக்கின்றன. செக் தேதியிலிருந்து மூன்று மாதம் தாண்டவில்லை என்பதையும் பாருங்கள்.

பிறகு பின்பக்கம் இப்படி எழுதுங்கள்: 'இன்னாருக்கு அல்லது அவர் ஆணைப்படி செலுத்தவும்'. பெயரை அவருடைய வங்கிக் கணக்கில் உள்ளபடியே எழுத வேண்டும். அதன்கீழ் உங்கள் கையெழுத்து, தேதி. முன்பக்கத்தில் உங்கள் பெயர் தப்பாக இருந்தால், முதலில் அதே எழுத்தில் கையெழுத்திட்டு, கீழே வழக்கமான கையெழுத்தையும் போடுங்கள். பெயர் எழுதாமல் வெறும் கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுப்பதை நான் எந்த நிலையிலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த நிமிடமே அது யார் கையில் இருக்கிறதோ அவருக்குரிய செக் ஆகிவிடுகிறது.

செக் 40,000, கடைப் பாக்கி 25,000 என்றால், 25,000-க்கு மட்டும் மாற்றி எழுத முடியாது. தொகையில் ஒரு பகுதியை எண்டார்ஸ் செய்வது சட்டப்படி செல்லாது. முழுத்தொகைக்கும் எழுதிவிட்டு மீதியைக் கடைக்காரரிடம் திரும்ப வாங்குவதானால், அதற்கு ரசீது கேளுங்கள். கொடுக்கும் முன் செக்கின் இரண்டு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போட்டதோடு உங்கள் பொறுப்பு தீர்வதில்லை. வியாபாரியின் கணக்கில் பணம் இல்லாமல் செக் திரும்பினால், கடைக்காரர் உங்களிடமும் அந்தப் பணத்தைக் கேட்க முடியும். வியாபாரி மீது கடைக்காரர் வழக்குப் போடுவதானால், செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் அவர் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் செய்ய வேண்டும். 2015-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, கடைக்காரர் செக்கை எந்தக் கிளைக் கணக்கில் போட்டாரோ அந்த ஊருக்குரிய நீதிமன்றத்திலேயே வழக்கு. வியாபாரி கேரளாக்காரர் என்றாலும், கம்பம் கிளையில் போட்ட செக்குக்குக் கடைக்காரர் குமுளி மலை ஏறி அலைய வேண்டியதில்லை.