கூட்டினால் பூஜ்யம் வருவது ஏன்?

கேள்வி: மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வங்கி ஸ்டேட்மென்ட்டை இறக்கி எக்செலில் திறந்து, வரவுத் தொகைகளை ‘சம்’ போட்டுக் கூட்டினால் 0 வருகிறது. ஃபார்மட்டை ‘நம்பர்’ என்று மாற்றியும் பலனில்லை. இரண்டு செல்களைக் கூட்டல் குறி போட்டுக் கூட்டினால் மட்டும் சரியாக வருகிறது. பக்கத்தில் ஒரு நெடுவரிசை செருகி ஃபார்முலா எழுதினால், விடைக்குப் பதில் ஃபார்முலாவே நிற்கிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் ஃபார்முலாவில் தவறில்லை. தொகைகள் எண்ணாக வராமல் டெக்ஸ்ட்டாக வந்திருக்கின்றன. ‘சம்’ அத்தகைய செல்களைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். கூட்டல் குறியோ, எண் போலிருக்கும் டெக்ஸ்ட்டை எண்ணாக்கிக் கூட்டிவிடும்.

உள்ளே இருப்பதை எப்படிக் காட்டுவது என்பதுதான் ஃபார்மட்டின் வேலை. ஏற்கெனவே டெக்ஸ்ட்டாகப் பதிந்ததை அது மாற்றாது. அந்தத் தொகை புதிதாக உள்ளே போக வேண்டும். நெடுவரிசையைத் தேர்ந்து ‘ஜெனரல்’ ஃபார்மட் கொடுங்கள். பிறகு ‘டேட்டா’ மெனுவில் ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ திறந்து, நேரே ‘ஃபினிஷ்’ அழுத்துங்கள்.

செருகிய நெடுவரிசை இடப்பக்கத்து ஃபார்மட்டையே எடுத்துக்கொள்ளும். டெக்ஸ்ட் செல்லில் சமக்குறியோடு தொடங்கினாலும் எழுத்தாகவே நிற்கும். அங்கும் ‘ஜெனரல்’ கொடுத்து, எஃப்2, என்டர் தட்டுங்கள். பிறகு கீழே இழுத்துக்கொள்ளலாம்.

கூட்டல் குறிக்கும் ‘வேல்யூ’ பிழை வந்தால், தொகையின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத வேறுவகை இடைவெளி இருக்கக்கூடும். இணையப் பக்கத்திலிருந்து எடுத்த பட்டியல்களில் இது சகஜம். ‘ட்ரிம்’ இதை நீக்காது. அந்த இடைவெளியை ஒரு செல்லிலிருந்து காப்பி செய்து, ‘ரீப்ளேஸ்’ பெட்டியில் ஒட்டி, ஒன்றுமில்லாததாக மாற்றுங்கள்.

பூஜ்யம் வந்ததுகூட நல்லதுதான், உடனே கண்ணில் பட்டது. சில செல்கள் மட்டும் டெக்ஸ்ட்டாக இருந்தால், குறைவான தொகை சரியான விடைபோல வந்து நிற்கும். அதைத்தான் நான் அஞ்சுவேன். ஆகவே ‘கவுண்ட்’, ‘கவுண்ட்ஏ’ இரண்டையும் தொகைகள் மீது போட்டுப் பாருங்கள். முன்னது எண்களை மட்டும் எண்ணும், பின்னது காலியல்லாத எல்லாவற்றையும். இரண்டும் ஒத்துவராவிட்டால் அந்த மொத்தத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

டெக்ஸ்ட்டை எண்ணாக்கும் இந்த மாற்றத்தைத் தொகைக்கு மட்டும் செய்யுங்கள். கணக்கு எண்களைத் தொடவே வேண்டாம். எக்செல் 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்துக்கொள்ளும். 16ஆவது 0 ஆகிவிடும், முன்னால் உள்ள பூஜ்யங்களும் போய்விடும். ஃபைலைச் சேமித்து மூடியபின் திரும்ப டெக்ஸ்ட்டாக்கினாலும் அவை வராது.